ஒரு அடி குறைத்து

நகைக்கடைக்கு அடிக்கிற தினசரிக் காலண்டரில்
ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே
அரைவிரல் இடம் மிச்சம்.
‘இந்நாளில்’ என்று ஏதாவது போடு என்றார் முதலாளி.
குயின் ஸ்ட்ரீட் மாடியில்
ஏர்கான் ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
ஒருவழியாக ஜூலைக் கடைசிக்கு வந்துவிட்டேன்.

முப்பத்தொன்றுக்குக் கிடைத்தவை:
லண்டன் சிறையில் ஒரு பஞ்சாபிக்காரரைத் தூக்கிலிட்டார்கள்.
பம்பாயில் ஒரு பாடகர் இறந்தார்.
நிலாவில் முதன்முதலாக மனிதன் கார் ஓட்டினான்.
எண்பத்தெட்டில், இதோ அக்கரையில்,
பட்டர்வொர்த் படகுத்துறை
கூட்டத்தின் கனம் தாங்காமல் இடிந்தது.
முப்பத்திரண்டு பேர்.

“நகைக்கடை காலண்டர்லா இது.
சாவு வேண்டாம்” என்றார் முதலாளி.
கார் மட்டும் தேறியது.

அன்று மதியம் பிறையிலிருந்து நாகேஸ்வரி வந்தார்.
வருஷா வருஷம் வருகிறவர்.
பழைய கோப்பைத் திறந்து
முப்பத்தைந்தை முப்பத்தாறு ஆக்குவேன்.
மற்றதெல்லாம் அப்படியே:
சாமந்தி ஓரம், குத்துவிளக்கு,
ஸ்டூடியோத் திரைமுன்
கனகாம்பரம் வைத்த ராஜாமணி, வயது இருபத்துநான்கு,
‘உன் நினைவில் வாடும் கணவர் காத்தமுத்து.’

முதல் சில வருஷம் காத்தமுத்து தானே வந்தாராம்,
அப்போது ஈய அச்சு.
பிறகு இவரைக் கட்டினார்.
பிறகு பணம் கொடுத்து இவரை அனுப்பினார்.
பிறகு பணமும் நின்றது.
‘வாடும்’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று
ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.
“இருக்கட்டும், அது என்ன சோறா கேட்குது” என்றார்.

இந்த முறை ஒரு பேனரும் உண்டு.
மகள் போனில் சொல்லி அடித்தது:
நீல வானம், பலூன், கிரீடம் வைத்த சிங்கக்குட்டி,
நடுவில் இரண்டே பல்லோடு ருத்ரேஷ்.
போன வருஷம் செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில்
குறித்த நாளுக்குப் பத்து நாள் முந்தி
இந்தத் தேதியில் வந்து விழுந்தவன்.

“சனிக்கிழமைக்கு மாத்திக்கலாம்னாங்க மாப்பிள்ளை வீட்டுல.
நான் விடலை.
பிள்ளை என்ன, தேதியைத் திருடிக்கிட்டா வந்தான்?”

சொல்லிக்கொண்டே தரையில் பேனரை விரித்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
அதன் ஓரமாகவே நடந்து
காலடியால் அளந்தார்.
எட்டு அடி.
“நீட்டமா போச்சே.
ஹால்ல ஒரே சுவருதான்.
ஒரு அடி குறைச்சிடு. அக்கா படம் மறையக் கூடாது.”

அக்கா.
இவருக்கு அறுபத்திரண்டு. அவளுக்கு இருபத்துநான்கு.
இருவரும் ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை.

“இடது பக்கம் வெட்டினால் சிங்கத்தின் வால் போகும்,
வலது பக்கம் என்றால் ஒரு பலூனும் கொஞ்சம் வானமும்” என்றேன்.
யோசித்தார்.
இத்தனை வருஷத்தில் எந்த எழுத்துக்கும்
இவ்வளவு யோசித்ததில்லை.
“வானம் போகட்டும்.”

வெட்டும்போது என் திரையை எட்டிப் பார்த்தார்.
“நிலாவுல காரா? யாரு ஓட்டினது?”
“அமெரிக்காக்காரன்.”
“அங்க எங்க போகணுமாம் அவனுக்கு?”
எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை,
நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

நினைவு அட்டை இருநூறு, பேனர் ஒன்று.
ஒரே பில் போடச் சொன்னார்.
பத்து வெள்ளி குறைக்கச் சொன்னார், குறைத்தேன்.
காத்தமுத்து இன்றுவரை தீவுக்குப் பாலத்தில்தான் வருகிறாராம்,
படகுத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.
இவர் நாலு மணி ஃபெர்ரியைப் பிடிக்க ஓடினார்,
மை வாடை போகாத சிங்கக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு,
அட்டைக் கட்டு பையில் இடிக்க.

வெட்டியெடுத்த ஒரு அடி வானத்தை
வீணாக்க வேண்டாமென்று
வாளிக்கு அடியில் விரித்திருக்கிறேன்.